பின் டயருக்கு மேலே ஒரு சாண்

கல்பிட்டி முனையிலிருந்து சிலாபம் வரைக்கும் உள்ள கரையோரத்தில், அளவு டேப்பை நம்பாத ஒரே மெக்கானிக், ஊருக்கே அண்ணனான எங்கள் சாண் நானாதான். உம்மா வாப்பா வைத்த பேர் ஒன்று அவருக்கும் இருந்திருக்கும். அதை அறிந்தவர் இப்போது ஒருத்தரும் இல்லை. கேட்டால் அவரே கொஞ்சம் யோசித்துவிட்டு, "சாண் நானா எண்டே எழுதிக்கங்க" என்பார்.

எதையும் கையை விரித்து சாண் கணக்கில்தான் அளப்பார். உடுக்கச் சாரம் வாங்கினால் சாண், மீன் வாங்கினால் சாண். ஒரு முறை பள்ளிவாசலுக்குப் பாய் வாங்கப் போன கூட்டத்தில் இவரும் போய், கடைக்காரரின் டேப் பிழை என்று கடை நடுவே நின்று சொல்லிவிட்டார். கடைக்காரருக்கு ஆத்திரம் வந்துவிட்டது. வேறு டேப் கொண்டுவந்து பார்த்தால், முதல் டேப்பின் நுனியில் ஓர் அங்குலம் எப்போதோ முறிந்து போயிருக்கிறது. அன்றிலிருந்து புத்தளத்தில் அந்தக் கையோடு வாதாடுவதை எல்லாரும் விட்டுவிட்டார்கள்.

தில்லையடியில் அவருடைய கராஜ். போர்டு கிடையாது. வாசலில் ஒரு பழைய வள்ளம் கவிழ்ந்து கிடக்கும். அதன் பக்கத்தில் பெரிய பன் பாய் ஒன்று விரித்திருக்கும். பின்பக்கம் தாழ்ந்துபோன பிக்கப்புகளை நிமிர்த்துவதுதான் அவருடைய தொழில். எங்கள் ஆட்களுக்கு ஒரு வருத்தம், தீராத ஒரு நோய் இருக்கிறது. புது பிக்கப் வாங்கினால் மூன்று மாதம் சும்மா வைத்திருக்கத் தெரியாது. மேலே ஒரு கூடு, முன்னால் ஓர் இரும்புப் பார், பின்னால் ஒரு பெட்டி என்று பூட்டிக்கொண்டே போவார்கள். பிறகு பின்பக்கம் ஏன் இறங்கிப்போச்சு என்று கேட்டுக்கொண்டு நானாவிடம் வருவார்கள்.

அவர் முதலில் ஸ்பிரிங்கைத் தொடவே மாட்டார். பின் டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவில் கையை விட்டு அளப்பார். ஒரு சாண் இருக்க வேண்டிய இடத்தில் நாலு விரல்தான் இருக்கும். உடனே, கம்பெனி பூட்டாமல் நீங்கள் பூட்டினது அத்தனையையும் கழட்டிப் பாயில் வைக்கச் சொல்வார். ஒவ்வொன்றாகத் தொட்டு ஒரே கேள்வி கேட்பார்: "இது என்னத்துக்கு?"

ஒரு தடவை ஓர் இறால் பண்ணை முதலாளி, சேற்றில் புதைந்தால் இழுத்தெடுக்கிற வின்ச் ஒன்றைப் பூட்டிக்கொண்டு வந்திருந்தார். நான் நேரில் கண்டது இது.

"இது என்னத்துக்கு?"

"சேத்துல மாட்டினா இழுக்க, நானா."

"எத்தனை தரம் மாட்டினீங்க?"

"இன்னும் மாட்டல்ல."

"ஏன் மாட்டல்ல?"

"நான் சேத்துப் பக்கம் போறதில்லையே."

நானா அந்த வின்ச்சைக் குழந்தையைத் தூக்குவதுபோல் தூக்கி முதலாளியின் மடியில் வைத்தார். "ஊட்டுல வச்சிக்கங்க. சேறு வந்தா வந்து பூட்டுவோம்." முதலாளி அதை மடியில் வைத்துக்கொண்டே வீடு போய்ச் சேர்ந்தார். வண்டியின் பின்பக்கமும் பாதி நிமிர்ந்துவிட்டது.

இதையெல்லாம் பார்த்துச் சிரித்த வாய்தான் இது. பிறகு என் முறை வந்தது.

எனக்குக் கரைத்தீவில் வீடு, ஒரு துண்டு தென்னங்காணி, தேங்காய் ஏற்ற ஒரு பழைய பிக்கப். ஒரு நாள் பரீதாவை, அதாவது என் பெஞ்சாதியை, முன் சீட்டில் ஏற்றிக்கொண்டு வரும்போது நடுரோட்டில் ஒரு கழுதை நின்றது. எங்கள் பக்கத்துக் கழுதைகளை உங்களுக்குத் தெரியும்தானே, ஹோர்ன் அடித்தால் காது மட்டும்தான் அசையும். பிரேக் அடித்தேன். பின்னால் வந்த மீன் லொறிக்காரர் அடிக்கவில்லை. கழுதை தப்பியது. பரீதாவின் முதுகு தப்பவில்லை.

டொக்டர் மருந்து கொடுத்து, வியாழக்கிழமை தோறும் புத்தளம் ஆஸ்பத்திரிக்கு வந்து முதுகுக்குப் பயிற்சி செய்ய வேண்டும் என்றார். கடைசியாக என்னைப் பார்த்து, "குலுக்காமக் கூட்டிட்டு வாங்க" என்றார். அந்த ஒரு வசனம் எனக்குள் புகுந்து என்னைப் பைத்தியமாக்கிவிட்டது. அவள் பின்னால் சாய்ந்து படுக்க வேண்டி வந்தால் வெயில் படக்கூடாது என்று இரும்புக் கூடு போட்டேன். முன் சீட்டுக்கு ஒரு காற்றாடி, அது சுழல பின்னால் ஒரு லொறி பற்றரி. துணைக்கு வருகிறவர்கள் உட்காரத் தேக்கில் பெஞ்சுபோல இரண்டு வாங்கு. எல்லாத்துக்கும் மேலாக, பின்னால் இடி தாங்க ஒரு பார். உப்பளத்தில் கழித்துப்போட்ட இரும்பை வெட்டி ஒட்டுவித்தது. நாலு பேர் சேர்ந்துதான் தூக்கிப் பூட்டினோம். இனி எந்த லொறி வந்து இடித்தாலும் லொறிதான் அழ வேண்டும்.

பிறகு வண்டி என்ன செய்யும்? பின்பக்கம் குந்திவிட்டது. ரோட்டில் பள்ளமாக ஒரு கிடங்கு வந்தால் போதும், ஸ்பிரிங் முழுசாக அமுங்கி, அடியில் இரும்போடு இரும்பு முட்டி 'டங்' என்று ஒரு சத்தம். ஒவ்வொரு டங்குக்கும் பரீதா என் முழங்கையைப் பிடிப்பாள். ஒன்றும் சொல்ல மாட்டாள். சொன்னாலும் பரவாயில்லை, அந்தப் பிடியை என்னால் தாங்க முடியவில்லை. டவுனில் ஒருத்தரிடம் கொடுத்தேன். அவர் ஸ்பிரிங்கில் வளையாத தடித்த தகடு இரண்டைச் செருகி வண்டியை நிமிர்த்தினார். பார்க்க வடிவாகத்தான் இருந்தது. ஆனால் டங் போய், சின்னக் கல்லுக்கும் வண்டி துள்ள ஆரம்பித்தது. முதுகுக்கு அது டங்கைவிட மோசம்.

கடைசியில் வெட்கத்தை விட்டு நானாவின் பன் பாய்க்குப் போனேன்.

"இது என்னத்துக்கு?" கூட்டைத் தொட்டுக் கேட்டார்.

"பரீதாவுக்கு வெயில் படாம."

"இது?"

"பரீதாவுக்குக் காத்து வர."

"முன் கண்ணாடி ஷட்டரை இறக்கினா காத்து வராதா?"

பற்றரி வீட்டுக்குப் போனது. பெரிய கூடும் போய், அதன் இடத்தில் பாரமில்லாத தார்ப்பாய்க் கூடு வந்தது. தேக்கு வாங்கு போய்ப் பலகை வாங்கு வந்தது. பார் மட்டும் மிச்சம். அதைக் கழட்டாமல் வண்டியிலேயே விட்டிருந்தேன்.

"இது?"

உண்மையைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "சும்மா, அழகுக்கு" என்றேன்.

நானா அந்தப் பாரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பாயில் பொய் சொன்னவர்களை அவர் துரத்திவிடுவார். என்னைத் துரத்தவில்லை. "சரி, அழகு இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு வண்டியைத் தூக்குகிற ஜக்கை எடுக்கப் போய்விட்டார்.

டவுன்காரர் செருகின தகட்டைக் கழட்டி வீசினார். தளர்ந்துபோன தகடுகளைச் சூடாக்கி வளைத்து, பக்கத்துக்கு ஒரு மெல்லிய தகடு மட்டும் கூட்டினார். "தகட்டைக் கூட்டிக்கிட்டே போனா வண்டி நிமிரும் தம்பி, ஆனா கல்லாப் போயிரும். உங்களுக்கு வேண்டியது பெஞ்சாதிட முதுகு. வண்டி நெஞ்சை நிமிர்த்திக்கிட்டு நிண்டு என்ன காணப் போகுது?"

ஏற்றி அளந்தால்தான் அளவு என்பது அவருடைய கொள்கை. போகிற ஆட்கள் எல்லாரும் வந்து ஏற வேண்டும். பரீதா கராஜுக்கு வர மாட்டேன் என்றாள், நானும் கூப்பிட விரும்பவில்லை. அதனால் ஆளுக்குப் பதில் உப்பு மூட்டை ஏற்றினோம்.

"யார் யார் போற?"

"நான், பரீதா, துணைக்கு அவட ராத்தா. அவ்வளவுதான்."

எனக்கும் பரீதாவுக்கும் அவள் அக்காவுக்குமாக மூன்று ஆளுக்கு உப்பு ஏறியது. கையை விட்டார். முக்கால் சாண். "போங்க. இனிச் சத்தம் வராது."

அடுத்த வியாழன் அதே கிடங்கு, அதே டங். பரீதா முழங்கையைப் பிடித்தாள். ஆஸ்பத்திரியில் அவளை இறக்கிவிட்டு நேரே தில்லையடிக்குப் போய், வாயில் வந்ததையெல்லாம் சொல்லி ஏசினேன். கை விரல் தேய்ந்துபோச்சு, ஒரு டேப் வாங்கிக்கொள்ளுங்க என்றுகூடச் சொன்னேன். நானா கவிழ்த்த வள்ளத்தில் இருந்துகொண்டு முழுசாகக் கேட்டார். "வாற வியாழன் உங்கட ஊட்டடிக்கு வாறன்" என்றார்.

சொன்னபடி வந்தார், டவுனைத் தாண்டி அவ்வளவு தூரம், பழைய மோட்டார் சைக்கிளில். என் வீட்டுக் கேற்றடியில் பின் டயருக்குப் பக்கத்தில் சப்பணம் கட்டி உட்கார்ந்து இடைவெளியில் கையை வைத்தார்.

பரீதா ஏறினாள். ராத்தா ஏறினா. "சரிதான்" என்றார். பிறகு ராத்தாவின் மகள் ஏறினாள், அவளுக்கும் டவுனில் ஒரு அலுவல் இருந்தது. "ஒரு விரல் போச்சு." பக்கத்து வீட்டு மாமி கண் கிளினிக் நோட்டுக் கொப்பியோடு ஏறினா. எதிர்வீட்டு ஹாஜியார் பென்ஷன் எடுக்க ஏறினார். "ரெண்டு விரல் போச்சு." பரீதா முன் சீட்டிலிருந்து என்னைக் கூப்பிட்டு, நர்ஸம்மாவுக்குத் தேங்காய் வைத்தாச்சா என்று கேட்டாள். வெறுங்கையோடு போவதா? ஒரு சாக்குத் தேங்காய் ஏறியது. ராத்தாவுடைய டவுன் சம்பந்தி வீட்டுக்கு ஒரு சாக்கு, அதோடு ஒரு பொதி கருவாடு.

"தம்பி," என்றார் நானா, "கையை எடுக்கவா, விரலை வெட்டவா?"

உண்மையாகச் சொல்கிறேன், நான் பொய் சொல்லவில்லை. கரைத்தீவிலிருந்து ஒரு வண்டி டவுனுக்குப் போனால் இவர்களெல்லாம் ஏறுவார்கள், இவையெல்லாம் ஏறும். ஒவ்வொரு வியாழனும் அப்படித்தான். இதையெல்லாம் போய் எவனாவது பாரம் என்று கணக்குச் சொல்வானா?

நானா மோட்டார் சைக்கிள் பெட்டியிலிருந்து வெள்ளைப் பெயின்ற் டப்பாவை எடுத்தார். வள்ளத்துக்குத் தண்ணீர் எதுவரை வரலாம் என்று கோடு போடுவார்களே, அதுமாதிரி மட்கார்டில் ஒரு கோடு இழுத்தார். "டயர் இந்தக் கோட்டுக்கு மேல போகப் படாது. போனா ஒரு ஆள் இறங்கணும், இல்லாட்டி ஒரு சாமான் இறங்கணும்."

ஒருத்தரும் அசையவில்லை. மாமிக்குக் கண், ஹாஜியாருக்குப் பென்ஷன். தேங்காயை இறக்க ராத்தா விடமாட்டா. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். வண்டியை ஓட்டுகிறவனை இறக்கிவிட்டு எங்கே போகப் போகிறீர்கள் என்று எரிந்து விழுந்தேன்.

அப்போது முன் சீட்டிலிருந்து பரீதாவின் குரல் வந்தது. "இஞ்ச பாருங்க. பின்னால இருக்கிற அந்த இரும்பைக் கழட்டுங்க."

"அது உங்களுக்காகத்தான் போட்டது."

"தெரியும். ஆனா பின்னால இடிச்சது அண்டைக்கு ஒரு நாள். இப்ப எனக்கு நோகிறது முன்னால வாற கிடங்குல."

நானா எழும்பிச் சாரத்தைத் தட்டினார். "அச்சுக்குப் பின்னால தொங்குற பாரம் ரெண்டு மடங்கா அமுக்கும் தம்பி. நாலு ஆள் பாரம் அது."

"கழட்டினா, திரும்பவும் எவனாவது வந்து இடிச்சா?" என்றேன். கேற்றடியில் அத்தனை பேருக்கு முன்னால் என் குரல் உடைந்துவிட்டது. லொறி இடித்ததற்குப் பிறகு நான் ஒரு நாளும் பின் கண்ணாடியைப் பயமில்லாமல் பார்த்ததில்லை. அதை முதல் முதலாகச் சொன்னது அன்றைக்குத்தான்.

நானா ஸ்பெனரை என் கையில் வைத்தார். "கழட்டுங்க. பின்னால நான் வாறன்."

பேச்சுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். பார் இறங்கியதும் மறுபடி அளந்தார். டயர் கோட்டுக்குக் கீழே நின்றது. பிறகு மோட்டார் சைக்கிளின் பின்பக்கம் ஒரு சிவப்புத் துணியைக் கட்டி, என் வண்டிக்குப் பின்னால் நடுரோட்டைப் பிடித்துக்கொண்டு வந்தார். பின்னால் பஸ்காரர் ஹோர்ன் அடித்தால் கையைத் தூக்கி, ஐந்து விரலையும் விரித்து, இத்தனை சாண் தள்ளி வா என்று காட்டுவார். கிடங்கு வந்தது. டங் வரவில்லை. பரீதாவின் கை அவள் மடியிலேயே இருந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது, கிடங்கைப் பார்த்து அழுத ஒரே டிரைவர் நானாகத்தான் இருப்பேன்.

ஒரு வியாழன் என்று நினைத்தேன். ஏழு மாதம் வந்தார். மழையிலும் வந்தார், நோன்பு வைத்துக்கொண்டும் வந்தார். வராதீங்க என்று இரண்டு தரம் சண்டை பிடித்தேன். "உங்கட வண்டிக்கா வாறன்? என்ட ஸ்பிரிங் எப்படி ஓடுது எண்டு பார்க்க வாறன்" என்பார்.

போன மாதம் டொக்டர் கொப்பியை மூடி, இனி வர வேண்டாம், சுகமாகிவிட்டது என்றார். ஆஸ்பத்திரி வாசலில் வைத்து நானாவிடம் சொன்னேன். "அல்ஹம்துலில்லாஹ்" என்றார். சிவப்புத் துணியை அவிழ்த்து மடித்தார். பிறகு அதைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். "அப்ப, வாற வியாழன் எங்க போற?"

எங்கேயும் போக வேண்டியிருக்கவில்லை. நான் பரீதாவைப் பார்த்தேன். "கல்பிட்டிக்கு, நானா" என்றாள் அவள், "சும்மா காத்து வாங்க."

வியாழன் போனோம். ரோடு நன்றாக இருந்தது, நான் கொஞ்சம் வேகமாக மிதித்துவிட்டேன். பரீதா என் முழங்கையைப் பிடித்தாள். நோகுதா என்று கேட்டேன்.

"இல்ல. மெதுவாப் போங்க," என்றாள், "நானா பின்னால வாறார்."