கனடா அண்ணையும் ஒரு வாளி நல்ல தண்ணியும்

நெடுந்தீவு வெயிலில் குளிரால் நடுங்கிய ஒரே மனிதர் கனடா அண்ணைதான். கனடாவை அவர் கண்டதில்லை. படகில் அக்கரைக்குப் போய்க் குறிகட்டுவான் இறங்குதுறையைத் தாண்டினாலே தலை சுற்றும். ஏசி அறைக் குளிருக்கென்று கனடாவிலிருந்து தங்கை அனுப்பிய பனிக்கால ஜக்கெற்றை உச்சி வெயிலிலும் கழற்றாமல் திரிந்ததால் வந்த பெயர் அது.

அவர் எங்கள் கல்வி நிலையச் சேர்வர் அறையின் காவலாளி. படகேறி ரியூசனுக்குப் போக வசதியில்லாத உயர்தரப் பிள்ளைகளுக்காகப் பதிந்துவைத்த பாடங்கள் எல்லாம் அந்த அறைக் கணினிகளில்தான் இருந்தன. சூடேறினால் அவை நின்றுவிடும் என்று அங்கே இரவும் பகலும் ஏசி ஓடும். அவற்றைப் பராமரிக்க வந்த உத்தியோகத்தன் நான். ஆனால் பூட்டின் திறப்பு அவரிடம்.

"அண்ணை, கதவைத் திறவுங்கோ."

"ஏன்?"

"வேலை செய்யத்தான்."

"நேற்றும் செய்தனீர்தானே? திறந்தால் குளிர் போயிடும். யன்னலாலை பாரும்."

யன்னலால் பார்த்தே சம்பளம் எடுத்தவன் இலங்கையில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். கெஞ்சிக் கூத்தாடினால் கதவை ஒரு சாண் திறப்பார். வயிற்றை எக்கிக்கொண்டு பக்கவாட்டில் நுழைய வேண்டும். கொழும்பிலிருந்து வந்த பருத்த அதிகாரி ஒருவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இவருக்கு ஏலாது" என்று திருப்பி அனுப்பினார். விளக்கக் கடிதம் எழுதியது நான்.

அதையும் பொறுத்தேன். தண்ணீர் விசயத்தைத்தான் பொறுக்க முடியவில்லை. எங்கள் பக்கத்துக் கிணறெல்லாம் உவர். நல்ல தண்ணீர் பவுசர் வண்டியில் வரும், ஆளுக்கு நாளைக்கு இரண்டு வாளி. உப்புக்காற்று ஏசியின் வெளிப்பெட்டியைத் தின்றுவிடும் என்று அதைத் தினமும் நல்ல தண்ணீரால் கழுவுவார். யாருடைய தண்ணீர்? என்னுடையது! உவர்நீரில் குளித்துக் குளித்து என் தலைமயிர் கூட்டுகிற தும்புத்தடி ஆனது.

"அது மெஷின் அண்ணை, நான் மனுசன்!"

"நீர் துருப்பிடிக்க மாட்டீர்."

பரீட்சைக்கு முதல் கிழமை சோளகக் காற்றுப் பிடித்தது. படகு ஓடவில்லை. பவுசரும் பழுது, திருத்தச் சாமான் வர வழியில்லை. என் கடைசி வாளியைக் கட்டிலுக்குக் கீழே ஒளித்து அறையைப் பூட்டினேன். ஏசி நின்றால் பிள்ளைகளின் கதி என்ன என்ற பயமும் இருந்தது. ஏசி நிற்கவில்லை. என் வாளியிலும் அவர் கை வைக்கவில்லை.

மூன்றாம் நாள் சந்தேகப்பட்டுப் போய்ப் பார்த்தேன். அண்ணை உதடு வெடித்து நின்றார். தன் குடிதண்ணீர்ப் போத்தலில் துணியை நனைத்து, ஏசித் தகடுகளை ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"உங்களுக்கு விசரோ? குடிக்காமல் செத்துப்போனால்?"

"கத்தாதையும். பக்கத்து அறையிலை பிள்ளையள் பாடம் கேட்குதுகள்."

ஓடிப்போய் என் வாளியைத் தூக்கி வந்து ஒரு கோப்பை வார்த்துக் கொடுத்தேன். அரைவாசியைக் குடித்தார். மிச்சத்தை, நான் பார்க்கப் பார்க்க, ஏசியில் ஊற்றினார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. இந்த மனிதரில் எனக்கு இவ்வளவு அன்பா என்று எனக்கே வெட்கமாகவும் இருந்தது. திட்டிக்கொண்டே அடுத்த கோப்பையை நிரப்பிக் கொடுத்து, அவர் கடைசி மிடறு குடிக்கும்வரை, ஏசியில் ஊற்றிய அந்தக் கையை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றேன்.