படத்தைப் பெரிதாக்கிப் பார்க்க வேண்டாம்

சரவணை கிழக்கு,
வேலணை.
மாசி 22, ஞாயிறு.

அன்புள்ள மச்சான் பிரதாபனுக்கு,

அத்தான் பரமலிங்கம் எழுதிக்கொள்வது. நானும் உம்முடைய அக்கா அன்னபூரணமும் இரண்டு மாடும் ஒரு கன்றும் நயினை அம்மாளின் கிருபையால் சுகம். நீரும் வினோஜாவும் பிள்ளைகளும் ரொறன்ரோக் குளிரில் மூக்கடைக்காமல் இருக்க வேண்டும் என்று அந்த அம்மாளையே கேட்டுக்கொண்டு இதைத் தொடங்குகிறேன்.

நிற்க. முகநூலில் ஒரு குருவியின் படம் ஓடித்திரிகிறது. அதை நீர் இன்னும் பார்க்கவில்லை என்றால் பார்க்க வேண்டாம். பார்த்துவிட்டீர் என்றால் இரண்டு விரலை வைத்துப் பெரிதாக்கிப் பார்க்க வேண்டாம். பெரிதாக்கியும் பார்த்துவிட்டீர் என்றால், வேலிக்கு எந்தப் பக்கத்தில் வேம்பு நிற்கிறது என்பது பற்றி ஒரு முடிவுக்கு வருவதற்கு முன் இந்தக் கடிதத்தை முழுதாக வாசிக்கவும். தொலைபேசியில் சொல்லியிருக்கலாம். சொன்னால் நீர் இடையில் கதைப்பீர். கடிதத்தில் அந்தக் கரைச்சல் இல்லை.

ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். மாமா உமக்கும் அக்காவுக்கும் பிரித்துத் தந்த காணிகளுக்கு நடுவில் நிற்கும் எல்லை வேலி, இந்த மாதம் ஏழாம் எட்டாம் திகதிகளில் உம்முடைய பக்கமாக இரண்டரை யார், அதாவது ஏழரை அடி, நகர்ந்தது. தானாக நகரவில்லை, நான்தான் நகர்த்தினேன். ஆனால் உம்முடைய காணியைக் காப்பாற்றத்தான் நகர்த்தினேன். நாற்பது வருடத்தில் உமக்கும் எனக்கும் நடுவில் ஒரு சொல் பிழைத்ததில்லை. ஒரு குருவியால் அது பிழைத்துவிடுமோ என்று எனக்கு ஒரு கிழமையாகச் சோறு இறங்கவில்லை. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நடந்தது என்னவென்றால், தை பிறந்த நாளிலிருந்து ஊரில் ஒரு கதை உலாவியது, ஆளில்லாத காணிகளை அளந்து எடுக்கப் போகினமாம் என்று. யார் எடுக்கப் போகினம், எதற்கு என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது, எடுக்கப் போவது மட்டும் எல்லாருக்கும் தெரியும். எங்கள் ஒழுங்கையில் ஏழு வீட்டு வளவு. ஆள் இருப்பது இரண்டில், ஒன்றில் நாங்கள், மற்றதில் மரியமுத்து. மிச்சமெல்லாம் கனடா, சுவிஸ், லண்டன் என்று பூட்டிக் கிடக்கிறது. உம்முடையதும் அப்படித்தான். பதினொரு வருடமாக நான் கூட்டி, கிணறு இறைத்து, வேலி அடைத்து வைத்திருந்தாலும் பார்க்கிறவன் கண்ணுக்கு அது ஆளில்லாத காணிதானே. இந்தப் பயம் நெஞ்சுக்குள் கிடக்கும்போதுதான் ஏழாம் திகதி விடிய மாட்டை அவிழ்க்கப் பின்வளவுக்குப் போனவன் பார்க்கிறேன், களப்புக் கடல் கரையில் மூன்று பேர். தலையில் தொப்பி, கையில் கொப்பி, நடுவில் ஒரு முக்காலியை நட்டு அதன்மேல் ஒரு குழாயைப் பூட்டி, ஒரு பிள்ளை ஒற்றைக் கண்ணால் பார்க்கிறது. பார்த்துப் பார்த்து இலக்கம் சொல்ல மற்றவர் எழுதுகிறார். “முன்னூற்றி நாப்பது.” எழுதியாயிற்று. “அங்காலை தள்ளி இன்னொரு அறுபது.” அதையும் எழுதியாயிற்று. பிறகு குழாயை மெல்லத் திருப்பி, உம்முடைய வளவுப் பக்கம் கொண்டுவந்து நிறுத்தினார்கள். எனக்குக் கையிலிருந்த மாட்டுக் கயிறு நழுவிவிட்டது.

மரியமுத்து வலையைத் தோளில் போட்டுக்கொண்டு அந்த வழியால் வந்தான். “அண்ணை, அளக்கத் துடங்கீற்றாங்கள்,” என்றான். “முக்காலியைக் கண்டாத் தெரியாதே? றோட்டுப் போடேக்கையும் உதைத்தான் நட்டவங்கள்.” மரியமுத்து கடலைப் பற்றிச் சொன்னால் கண்ணை மூடிக்கொண்டு கேட்கலாம். தரையைப் பற்றி அவன் சொன்னதையும் அப்படிக் கேட்டது என்னுடைய பிழை.

முழுக் காணியையும் காப்பாற்ற என்னால் ஏலாது. ஒரு துண்டையாவது ஆளிருக்கிற காணிக்குள் கொண்டுவந்தால் அதாவது தப்பும் என்று யோசித்தேன். ஒன்றரை யார் என்றுதான் தொடங்கினது. குருநாகலில் மாமாவின் புடவைக் கடையில் இருபத்திரண்டு வருடம் துணி அளந்த கை இது, அளவில் பிழை வராது. ஆனால் ஒன்றரை யாரில் கல்லுப் பிடித்தது, குழி தோண்டும் அலவாங்கு இறங்கவில்லை. இரண்டு யாரில் வேம்பின் வேர். இரண்டரை யாரில்தான் மண் மெத்தென்று இருந்தது. அப்படியாக வேம்பும் எங்கள் பக்கம் வந்துவிட்டது. வேம்பை நான் எடுக்கவில்லை மச்சான், வேர் விடவில்லை. ஊர் படுத்துக் கிடக்கிற மத்தியான வெயிலில் நான் குழி கிண்டிக்கொண்டிருக்க உம்முடைய அக்கா குசினியால் வந்து இடுப்பில் கை வைத்துப் பார்த்தா.

“இஞ்சருங்கோ, உது என்ரை தம்பியின்ரை காணியெல்லே?”

“ஓம். அதைத்தான் காப்பாத்திறன்.”

“எவரிட்டை இருந்து?”

நான் அடுத்த குழியைக் கிண்டத் தொடங்கினேன். அன்றைக்குப் புட்டுக்குக் கறி இல்லை, கதையும் இல்லை. ஞாயிறு மத்தியானம் பன்னிரண்டாவது பச்சைக் கதியால் தடியையும் நட்டு, முட்கம்பியை இழுத்துக் கட்டி முடித்தபோது எனக்கு இடுப்பு நிமிரவில்லை, அக்காவுக்கு முகம் நிமிரவில்லை.

அடுத்த சனி அவர்கள் திரும்பவும் வந்தார்கள். அதிகாரிகளோடு பகைக்கக் கூடாது என்று நான் மினுக்கின சட்டை போட்டு, போத்தலில் தேத்தண்ணீர் எடுத்து, காணி உறுதிப் பத்திரத்தையும் வரி கட்டின துண்டுகளையும் கையில் வைத்துக்கொண்டு சேற்றுக்குள்ளால் போனேன். ஒரு செருப்பு சேற்றோடு நின்றுவிட்டது. மற்றதோடு போய் நின்று, “பிள்ளை, இது உறுதி. ஆளில்லாத காணி எண்டு எழுதிப் போடாதையுங்கோ. ஆள் கனடாவிலை இருக்கிறார், வருவார்,” என்றேன். அந்தப் பிள்ளையின் பெயர் நிருஜா, யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூடத்தில் விலங்கியல் படிப்பிக்கிறதாம். அது உறுதியைப் பார்த்தது, என் ஒற்றைச் செருப்பைப் பார்த்தது.

“ஐயா, நாங்கள் காணி அளக்கேல்லை. பூநாரை எண்ண வந்தனாங்கள்.”

“பிறகென்ன முன்னூற்றி நாப்பது?”

“அது பூநாரைதான் ஐயா. இந்தாங்கோ, நீங்களே பாருங்கோ.”

குழாய்க்குள் கண்ணை வைத்தேன். மச்சான், அறுபத்தெட்டு வயதில் சொல்கிறேன், எங்கள் பின்வளவுக்கு அங்கால் இப்படி ஒரு காட்சி நிற்பது எனக்குத் தெரியாது. காலமெல்லாம் தூரத்தில் வெள்ளைக் கோடாய்க் கண்டது கிட்டப் பார்த்தால் ரோசா நிறம். தலையைக் கவிழ்த்துச் சேற்றுத் தண்ணீரை வடித்து வடித்துச் சாப்பிடுகிறது. ஒன்றின் காலை ஒன்று மிதிப்பதில்லை. எங்கள் சனம் பந்தியில் இருப்பதைவிட ஒழுங்கு. நான் கண்ணை எடுக்க மனமில்லாமல் நின்றேன், அந்தப் பிள்ளை தேத்தண்ணீரைக் குடித்து முடித்துவிட்டது. சரி, குருவி எண்ண வந்த பிள்ளைகளுக்குப் பயந்து வேலியை அரக்கிப் போட்டேன் என்பது அப்போதுதான் விளங்கியது. பின்னேரமே பிடுங்கிப் பழைய இடத்தில் நட்டால் ஒருவருக்கும் தெரியவராது என்று நினைத்தேன். அந்த நேரம் பார்த்துத்தான் அந்தச் சனியன் வந்து இருந்தது.

நிருஜா என் கையைப் பிடித்து, “ஐயா, அசையாதையுங்கோ,” என்றது. என்னுடைய புதுக் கதியாலின் நுனியில் ஒரு குருவி. புலுனிக் குருவியிலும் சின்னன், மண் நிறம், வால் மட்டும் கறுப்பு. நானூறு பூநாரை அங்கே நிற்க, மூன்று பேரும் அவற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இந்த மண்ணாங்கட்டியைப் படம் எடுக்கிறார்கள். பாலைவனத்துக் குருவியாம். எத்தனையோ நாடு தாண்டி, வழி தவறி வந்துவிட்டதாம். தீவுப் பக்கத்தில் தாங்கள் இதுவரை கண்டதில்லையாம். நான் மெதுவாக “சூ” என்றேன். குருவி பக்கத்துக் கதியாலுக்குப் பறந்தது. அதுவும் புதுக் கதியால். நான் செருமினேன், அடுத்ததற்குப் போனது. தும்மினேன், அதற்கடுத்ததற்குப் போனது. இப்படியே நான் நகர்த்தின பன்னிரண்டு கதியாலிலும் ஒவ்வொன்றாக இருந்து படம் எடுப்பித்துக்கொண்டது.

“பிள்ளை, பின்னுக்கு நிக்கிற வேம்பும் படத்திலை விழுமோ?” என்று கேட்டேன்.

“பின்னாலை எல்லாம் மங்கலாத்தான் வரும் ஐயா.”

பன்னிரண்டில் பதினொன்று மங்கலாகத்தான் வந்தது. மற்றதைத்தான் முகநூலில் போட்டார்கள். அதில் நீர் சின்னனில் ஊஞ்சல் கட்டின சங்கிலி கொப்பில் இறுகிக் கிடப்பதுகூடத் தெளிவு. கீழே, ‘சரவணையில், பரமலிங்கம் ஐயாவின் வேலியில்’ என்று மரியாதையாக என் பெயரையும் எழுதிவிட்டது அந்தப் பிள்ளை.

படத்துக்குக் கீழே நூற்றி முப்பது பேர் எழுதியிருக்கினம். உம்முடைய அக்கா கண்ணாடி போட்டு ஒவ்வொன்றாக எனக்குக் கேட்கச் சத்தமாய் வாசித்தா. குருவியைப் பற்றி எழுதியவர்கள் ஒன்பது பேர், அவர்கள் எல்லாரும் கொழும்புப் பக்கம். மிச்சம் எங்கள் சனம். ‘உது பிரதாபன்ரை வேம்பெல்லே?’ என்று நோர்வேயிலிருந்து ஒருவர். ‘வேலி முந்தி வேம்புக்கு இஞ்சாலை நிண்டதெல்லோ?’ என்று பாரிஸிலிருந்து இன்னொருவர். சுவிஸிலிருந்து ஒருவர் சிவப்புக் கோடு கீறியே காட்டியிருக்கிறார். முப்பத்தைந்து வருடத்துக்கு முந்தி ஊரை விட்டவர், பேரப்பிள்ளையின் பெயரைக் கேட்டால் இரண்டு நிமிடம் யோசிக்கிறவர், வேலி நின்ற இடம் மட்டும் அங்குலக் கணக்கில் ஞாபகம். குருவிக்கு ‘அழகு’ என்று ஒரு சொல் எழுத எங்கள் சனத்தில் ஒருவருக்கும் கை வரவில்லை.

அதோடு முடியவில்லை. நேற்று குருவி பார்க்க இருபத்திரண்டு பேர் பண்ணைப் பாலம் தாண்டி வந்து எங்கள் பின்வளவில் நின்றார்கள். மாட்டை அவிழ்க்கக் கூடாதாம், துணி காயப்போடக் கூடாதாம், நான் இருமக் கூடாதாம். அக்கா அத்தனை பேருக்கும் ஒடியல் கூழ் காய்ச்சினா. மரியமுத்து நண்டும் திருக்கையும் கொண்டுவந்து போட்டுவிட்டு, குருவி எத்தனை மணிக்கு எந்தக் கதியாலுக்கு வரும் என்று வந்தவர்களுக்கு விளக்கம் சொல்லிக்கொண்டு நின்றான். “அண்ணை நட்ட கதியாலிலைதான் இருக்குது, பழைய வேலியை எட்டியும் பாக்குதில்லை,” என்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னான்.

இவ்வளவும் நடந்தபடியால் ஒன்று கேட்கிறேன். நீர் நாரந்தனை வாகீசனைப் போல ஓடி வர வேண்டாம். தாயின் அந்தியேட்டிச் சடங்கை லண்டனில் இருந்து கைபேசியில் பார்த்தவர் அவர். போன ஐப்பசியில் தமையன் எல்லையில் ஒரு யார் அரக்கினான் என்று கேள்விப்பட்டு, பத்தாம் நாள் அளவு நாடாவோடு வந்து இறங்கினார். மூன்று கிழமை ஒரே முற்றத்தில் நின்று சண்டை பிடித்து, கடைசியில் இரண்டு பேரும் ஒரு பாயில் படுத்து எழும்பித்தான் பிரிந்தது வேறு கதை. உமக்கு அந்த அலைச்சல் வேண்டாம். பன்னிரண்டு கதியாலையும் நேற்றுப் பின்னேரமே பிடுங்கிப் பழைய குழியிலேயே நட்டுவிட்டேன். வேம்பு உம்முடைய பக்கம், சங்கிலி உம்முடைய பக்கம், எல்லாம் முன்னம் இருந்தபடி. நீர் அங்கே நிம்மதியாக இரும். வரத் தேவையே இல்லை.

வினோஜாவுக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் அன்பும் ஆசியும். அம்மாள் உங்கள் எல்லாரையும் நோய் நொடியில்லாமல் வைத்திருக்கட்டும்.

இப்படிக்கு,
உம்முடைய நம்பிக்கைக்குரிய (இன்னும் அப்படித்தான் என்று நினைக்கிறேன்)
அத்தான் வே. பரமலிங்கம்.

பி.கு.: மாசி 25. இதைத் தபாலில் போட ஊர்காவற்றுறைக்குப் புறப்பட்டவனின் சட்டைப் பையிலிருந்து உம்முடைய அக்கா எடுத்து வாசித்துவிட்டா. பொய் எழுதின கடிதம் வீட்டாலை போகக் கூடாதாம். ஆகவே திருத்தம். பன்னிரண்டு கதியாலும் பிடுங்கவில்லை, மூன்றுதான் பிடுங்கினேன். நாலாவதில் கை வைக்க, அக்கா குசினிக் கதிரையைக் கொண்டுவந்து அதற்குப் பக்கத்தில் போட்டு இருந்துவிட்டா. நட்ட அன்றைக்கு என்னோடு கதைக்காமல் விட்டவ இப்போது பிடுங்க விடமாட்டேன் என்கிறா. குருவிக்காகவோ என்று கேட்டேன். “குருவி வழி தெரியாமல் வந்திருக்கு. என்ரை தம்பிக்கு வழி தெரியும், வாறானில்லை,” என்றா. திருவிழாவுக்கு வா என்றும் கேட்டாயிற்று, எனக்குக் கண்ணில் படலம் வெட்டின நேரம் வா என்றும் கேட்டாயிற்று, பதினொரு வருடம் போய்விட்டது. “வாகீசன் ஒரு யாருக்குப் பத்து நாளிலை வந்தவன். இஞ்சை இரண்டரை யார் கிடக்கு. இவன் எத்தினை நாளிலை வாறான் எண்டு பாப்பம்,” என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டா. எனக்கும் அதற்கு மேல் பிடுங்க மனம் வரவில்லை மச்சான். ஒன்பது கதியால் நிற்கிறது, அதில் நாலு துளிர்த்தும்விட்டது. குருவி பங்குனி நடுவில் போய்விடும் என்று நிருஜா சொல்கிறது, அதற்கு முன் வந்தால் அதையும் காணலாம். அளவு நாடாவை மறக்க வேண்டாம். இன்னும் அரை யார் அரக்கினால் கெதியாய் வருவானோ என்று அக்கா நேற்று என்னிடம் கேட்டா. அலவாங்கை நான் இன்னும் உள்ளே எடுத்து வைக்கவில்லை.