மலைகளுக்கு அட்டெண்டன்ஸ் எடுத்தவர்

தினமும் மலைகளைப் பெயர் சொல்லி அழைத்து அட்டெண்டன்ஸ் எடுத்த மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் எங்கள் ஆபீசில் இருந்தார். குப்பை அண்ணன் என்போம்.

தல்லாகுளத்தில் மொட்டை மாடியில் சின்ன ரேடார் ஒன்றை வைத்துக்கொண்டு விவசாயிகளுக்கு மழைச் செய்தி அனுப்பும் கம்பெனி எங்களுடையது. ரேடாருக்கு மழை மட்டுமா தெரியும்? மலை, செல்போன் டவர், கல்யாண மண்டபம் எல்லாம் புள்ளி புள்ளியாக வந்து திரையை அடைக்கும். அசையாத புள்ளி எல்லாம் குப்பை என்று அழித்துத் தள்ளும் புரோகிராமை எழுதியவன் நான். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

அண்ணனோ அழிக்காத திரையைத் தனியாக ஓர் ஓட்டை மானிட்டரில் வைத்திருப்பார். காலையில் ஒருமுறை, சாப்பாட்டுக்குப் பிறகு ஒருமுறை, ஒவ்வொரு புள்ளியையும் நோட்டில் வரைந்து டிக் அடிப்பார். "யானைமலை வந்தாச்சு. நாகமலை வந்தாச்சு." பழங்காநத்தத்தில் அவர் வீட்டுக்குப் பக்கத்து டவரை என் புரோகிராம் அழித்ததற்கு இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

ஒரு சித்திரை மாத மதியம். எங்கள் ஆபீஸ் செல்வமும் டிரைவரும் பேரையூர்ப் பக்கம், மலையிலிருந்து வரும் வறண்ட ஓடைக்குள் இறங்கி, நீர்மட்டம் பார்க்கும் கருவியை நட்டுக்கொண்டிருந்தார்கள். என் திரையில் பொட்டு மழை இல்லை. தைரியமாக இறங்கச் சொன்னதும் நான்தான்.

அண்ணன் டிக் அடிப்பதைப் பாதியில் நிறுத்தினார்.

"மாப்ள, பேரையூர் மலை காலையில இம்புட்டு பெருசா இல்லையே."

மலை எங்கேயாவது வளருமா என்று சிரித்தேன். அவர் சிரிக்காமல் நோட்டை என் முன்னால் போட்டார். காலையில் வரைந்தது எலுமிச்சம்பழம் அளவு. திரையில் இருந்தது பூசணிக்காய். அப்போதுதான் எனக்கு உறைத்தது. நகராமல் மலை மேலேயே நின்று கொட்டும் மழையை, என் புரோகிராம் மலையோடு சேர்த்து அழித்துக்கொண்டிருந்தது.

செல்வத்துக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. மறுபடியும் போட்டேன். எடுக்கவில்லை. அண்ணன் போனைப் பிடுங்கி டிரைவருக்கு அடித்தார்.

"சாமானை விட்டுட்டுக் கரைக்கு ஏறுங்க. ஏன்னு பெறகு சொல்றேன்."

இங்கே வெயில் அடிக்கிறதே என்று டிரைவர் இழுத்தார். அண்ணன் போட்ட சத்தத்தில் மாடியில் சுற்றிய ரேடாரே ஒரு நொடி நின்றிருக்கும். பிறகு போனில் மூச்சிரைப்பு மட்டும்தான். அந்த நிமிடங்களில் நான் கும்பிடாத சாமி இல்லை. அடுத்து ஒரே இரைச்சல். அதற்கு மேல் செல்வத்தின் குரல் கேட்டது. ரெண்டு பேரும் கரையில் இருக்கிறோம், கருவி தண்ணீரோடு போய்விட்டது என்றான்.

அண்ணன் உட்கார்ந்து மிச்ச மலைகளுக்கு டிக் அடித்து முடித்தார். என்னைத் திட்டியிருந்தால் தேவலை.

அவர் ஓய்வு பெற்றுவிட்டார். நோட்டு இப்போது என்னிடம் இருக்கிறது. புரோகிராமையும் திருத்திவிட்டேன். பழங்காநத்தத்து டவரை மட்டும் அழிக்காதே என்று அதில் ஒரு வரி சேர்த்திருக்கிறேன். மழைக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. காலையில் திரையைப் போட்டதும் அண்ணன் வீட்டுப் பக்கம் அந்தப் புள்ளி தெரிய வேண்டும் எனக்கு, அவ்வளவுதான்.