எட்டாயிரம் தள்ளிய கணக்கு டீச்சர்

கணக்கு டீச்சருக்குக் கணக்குத் தெரியும் என்று உலகம் நம்புகிறது. அந்த நம்பிக்கையை வைத்துத்தான் நான் முப்பது வருஷம் சம்பளம் வாங்கினேன். அருப்புக்கோட்டையில் என்னிடம் தனிவட்டியும் கூட்டுவட்டியும் படித்த பிள்ளைகள் இன்று பேங்கில் மேனேஜராக உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களிடம் சொல்லாத ஒன்றை இப்போது ஒப்புக்கொள்கிறேன். பத்தாயிரம் ரூபாய்ச் சீட்டை, போட்டிக்கு ஒரு ஆள்கூட இல்லாத ஏலத்தில், என்னை நானே விரட்டி விரட்டி இரண்டாயிரம் ரூபாய்க்கு எடுத்தவள் நான்.

எண்பதுகளின் நடுவில் நடந்தது. கல்யாணமாகி முழுசாக ஒரு வருஷம் ஆகவில்லை. என் வீட்டுக்காரர் சாமுவேல் மில்லில் ஸ்டோர் கீப்பர். சம்பளம் வாங்கியதும் பழைய கல்யாணப் பத்திரிகைக் கவர்களில் பால், அரிசி, வாடகை, சீட்டு, காணிக்கை என்று எழுதிப் பிரித்து வைக்கிற ஆள். பால் கவரில் காசு தீர்ந்துவிட்டால் அரிசிக் கவரிலிருந்து எடுக்க மாட்டார், வரக்காப்பிதான். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பி.எஸ்ஸி. கணிதம் படித்தவள் கவருக்குள் கைவிட்டுத் துழாவிக்கொண்டிருப்பதா?

"இனிமே வரவு செலவெல்லாம் நான் பாத்துக்கிறேன்" என்றேன்.

"எடுத்துக்கோ தாயி. விட்டது சனியன்" என்று ஐந்து கவரையும் என் கையில் கொடுத்துவிட்டார். (இவ்வளவு சுலபமாகக் கொடுத்தபோதே நான் யோசித்திருக்க வேண்டும்.)

அன்றே காம்பஸை எடுத்து வட்டம் போட்டேன். அரிசிக்கு நூற்றிருபது டிகிரி, வாடகைக்கு அறுபது டிகிரி என்று குடும்பத்தையே வட்ட விளக்கப்படமாக வரைந்து, கலர் பென்சில் தீட்டி, அடுப்படிச் சுவரில் ஒட்டினேன். இவர் சந்தைக்குக் கிளம்பும்போது அதன் முன்னால் நின்று, "ஏ கிரேசு, இந்த மாசம் தேங்காய்க்கு இன்னும் எத்தனை டிகிரி மிச்சம் இருக்கு?" என்று கேட்பார். முகத்தில் சிரிப்பே இருக்காது. கேலி என்று எனக்குப் புரிய மூன்று மாதம் ஆயிற்று.

அந்த வட்டத்தில் பெரிய துண்டு சீட்டுக்குத்தான். எங்கள் தெருமுனையில் பலசரக்குக் கடை வைத்திருந்த அண்ணாச்சி பிடித்த சீட்டு. இருபது பேர், மாதம் ஐந்நூறு, மொத்தம் பத்தாயிரம். இவர்தான் என் பேரில் சேர்ந்து மாதாமாதம் போய்க் கட்டிவிட்டு வருவார். "இந்த மாசம் தள்ளு ரெண்டாயிரத்து நூறு" என்று வந்து சொல்வார். நானும் எல்லாம் தெரிந்த மாதிரித் தலையை ஆட்டுவேன்.

திருச்சுழிப் பக்கம் எங்கள் ஊரில் குலுக்கல் சீட்டுதான் உண்டு. பேரை எழுதிச் செம்புக்குள் போட்டுக் குலுக்குவார்கள். வந்த பேருக்கு முழுப் பணம். ஏலச்சீட்டு என்பதை நான் கண்ணால் கண்டதில்லை. ஆனால் அதைப் புருஷனிடம் கேட்க முடியுமா? பி.எஸ்ஸி. என்ன ஆவது!

சீட்டின் ஏழாவது மாதம் அந்தப் பணம் எங்களுக்குக் கட்டாயம் தேவைப்பட்டது. அப்போது நாங்கள் இருந்த வளவில் நாலு குடித்தனத்துக்கு ஒரு கிணறு. கோடையில் அதில் தண்ணீர் ஊறாது, கசியும். விடிவதற்கு முன்னால் போய் முறைக்கு நிற்க வேண்டும். வாளி மேலே வந்தால் பாதி சகதி. எனக்கு ஐந்தாவது மாதம். கயிறு இழுக்கக்கூடாது என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். இவர் காலை ஷிப்டுக்குப் போய்விட்டால் வேறு யார் இழுப்பது? அந்த நேரத்தில்தான் இரண்டு தெரு தள்ளி ஒரு வீடு ஒத்திக்கு வந்தது. எட்டாயிரம் கொடுத்தால் மூன்று வருஷம் வாடகை கிடையாது, போகும்போது எட்டாயிரமும் திரும்பக் கிடைக்கும். கொல்லையில் சொந்தக் கிணறு, நல்ல தண்ணீர், அதில் மோட்டாரும் உண்டு. மோட்டார் என்ற வார்த்தையைக் கேட்டதும் எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது. சனிக்கிழமைக்குள் பணம் தராவிட்டால் பந்தல்குடிக்காரர் ஒருவருக்குக் கொடுத்துவிடுவதாக வீட்டுக்காரம்மா சொல்லிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு ஏலம். பார்த்து இவருக்கு அன்றைக்கு டூட்டி.

"நீயே போயிட்டு வந்துரு. எட்டாயிரம் கைக்கு வரணும், அவ்வளவுதான். தள்ளு வந்து எப்படின்னா..." என்று ஆரம்பித்தார்.

"எனக்குக் கணக்குச் சொல்லித் தாரீகளா? எட்டாயிரம்தான? டூட்டிக்குக் கிளம்புங்க" என்றேன்.

சைக்கிளை எடுத்தார் மனுஷன்.

அண்ணாச்சி வீட்டு மாடியில் பாய் விரித்து உட்கார்ந்திருந்தோம். என் பக்கத்தில் எங்கள் வளவு சரோஜாக்கா. அண்ணாச்சி நோட்டை விரித்து, "தள்ளு ஐநூறுல ஆரம்பம். கேக்குறவுக கேக்கலாம்" என்றார்.

"எழுநூறு" என்றது ஒரு குரல். "ஆயிரம்" என்றது இன்னொன்று.

எனக்கு ஒரே ஆச்சரியம். பத்தாயிரம் ரூபாய்ச் சீட்டில் இவர்கள் ஏன் எழுநூறும் ஆயிரமும் கேட்கிறார்கள்? என் மூளை படுவேகமாக வேலை செய்தது (அந்த வேகத்துக்குச் செருப்பால் அடிக்க வேண்டும்). தள்ளு என்றால் நம் பக்கம் தள்ளுகிற பணம். யார் கூடுதலாகக் கேட்கிறார்களோ அவர்கள் பக்கம் தள்ளுவார்கள். இவர்கள் பாவம், கூச்ச சுபாவம், வாய்விட்டுக் கேட்கத் தெரியவில்லை. இப்படித்தான் விளங்கிக்கொண்டேன்.

ஆயிரத்து முந்நூறு, ஐந்நூறு என்று ஊர்ந்து ஆயிரத்து அறுநூறில் எல்லாரும் அடங்கிவிட்டார்கள்.

"ரெண்டாயிரம்" என்றேன்.

கூட்டம் திரும்பிப் பார்த்தது. அண்ணாச்சி, "டீச்சர் ரெண்டாயிரம். ஒரு தரம்... ரெண்டு தரம்..." என்றார்.

ஐயையோ, ரெண்டாயிரத்தில் முடித்துவிடுவார் போலிருக்கிறதே, நமக்கு எட்டல்லவா வேண்டும் என்று எனக்குப் பதறியது. "மூவாயிரம்!" என்றேன்.

அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றினார். "யம்மா, இப்பக் கேட்டதும் நீங்கதான். உங்களுக்கு மேல நீங்களே கேக்குறீக."

"கேக்கக் கூடாதுன்னு சட்டம் இருக்கா?"

"சட்டம் ஒண்ணும் இல்லை..."

"அப்ப நாலாயிரம்!"

 ஐயாயிரம் சொன்னபோது சரோஜாக்கா என் தொடையைக் கிள்ளினாள். பொறாமை என்று நினைத்துக்கொண்டேன். ஆறாயிரம் சொன்னபோது அண்ணாச்சி கெஞ்சுகிற குரலில், "டீச்சர், தெரிஞ்சுதான் கேக்குறீகளா?" என்றார்.

அதற்கு நான் சொன்ன பதிலை என் கல்லறையில் எழுதினாலும் தகும். "அண்ணாச்சி, நான் கணக்கு டீச்சர்."

எட்டாயிரத்தில் நிறுத்தினேன். பத்தாயிரமும் கேட்டிருக்கலாம், பேராசைக்காரி என்று நினைத்துவிடுவார்களே என்றுதான் விட்டேன். மூன்று தரமும் சொல்லி முடித்ததும் எல்லார் முகத்திலும் அப்படி ஒரு சந்தோஷம். கிள்ளிய சரோஜாக்காவே என் கன்னத்தை வழித்து, "நீ மகராசியா இருக்கணும்" என்றாள். கீழே கடையிலிருந்து காராச்சேவும் காப்பியும் வந்தன. நல்ல ஜனங்கள், அடுத்தவர் ஜெயித்தால் இப்படிச் சந்தோஷப்படுகிறார்களே என்று நினைத்தபடி இரண்டு கை சேவு தின்றேன்.

அண்ணாச்சி இருபது நூறு ரூபாய்த் தாளை எண்ணி எடுத்து வைத்தார்.

"மீதி?" என்றேன்.

"மீதி ஏது? பத்தாயிரத்துல எட்டாயிரத்தைத்தான் நீங்க தள்ளிட்டீகளே! என் கமிஷன் போக ஆளுக்கு முந்நூத்தி எழுபத்தஞ்சு குறையுது. இந்த மாசம் எல்லாரும் நூத்தி இருபத்தஞ்சு கட்டினாப் போதும்."

ஆண்டவரே! தள்ளு என்றால் நமக்கு வருவது இல்லை, நாம் வேண்டாம் என்று தள்ளிவிடுவது! கையில் மிச்சமிருந்த காராச்சேவைக் கீழே வைத்தேன். தெரியாமல் கேட்டுவிட்டேன், மாற்றிக்கொள்ளுங்கள் என்று கெஞ்சினேன். "கூட்டத்துல கேட்ட கேள்வியை எப்படிம்மா மாத்த? இத்தனை பேரு சாட்சி. நாளைக்குச் சாயந்திரம் ஆறு மணிக்குள்ள ரெண்டு ஜாமீன் கையெழுத்து வேணும், ஒண்ணு வீட்டாளு, ஒண்ணு வெளியாளு. அதுக்கப்புறம்தான் பணம். வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வாங்க" என்று ரூபாயை மறுபடி பெட்டிக்குள் வைத்துவிட்டார்.

வீட்டுக்கு எப்படி வந்தேன் என்று தெரியாது. கிணறு போச்சு, மோட்டார் போச்சு. கவரில் வைத்தவரைக் கேலி செய்தவள் எட்டாயிரத்தை அள்ளித் தெருவில் வீசிவிட்டு வந்திருக்கிறேன். இவர் டூட்டி முடிந்து வந்து டிபன் கேரியரைக் கீழே வைப்பதற்குள் ஓவென்று அழுதுவிட்டேன்.

முழுக்கக் கேட்டார். "எட்டு வரைக்கும் உன்கூட யாரு போட்டிக்கு வந்தா?"

"யாரும் வரலை."

"யாருமே இல்லாமயா அவ்வளவு தூரம் போன?"

"ம்."

தலையில் கைவைத்து உட்கார்ந்தார். திட்டப் போகிறார் என்று காத்திருந்தேன். "அண்ணாச்சி கடைசியா என்ன சொன்னாரு? ஒரு வார்த்தை விடாமச் சொல்லு" என்றார். சொன்னேன். ஜாமீன் என்ற இடத்தில் நிறுத்தி இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். பிறகு கை கழுவிவிட்டுச் சோறு கேட்டார். எனக்கு அந்தச் சோற்றுப் பசியைப் பார்த்து எரிச்சலாக வந்தது.

மறுநாள் ஆறு மணிக்கு அண்ணாச்சி வீட்டு மாடி நிறைந்திருந்தது. வழக்கமாகப் பணத்தை மட்டும் கொடுத்தனுப்புகிறவர்கள்கூட நேரில் வந்திருந்தார்கள். வெளியாள் ஜாமீனுக்கு நான் நீ என்று அடிதடி. சீட்டில் இருந்த பால்காரர் சொந்தப் பேனாவோடு வந்திருந்தார். மிச்சமாகப் போகிற பணத்தை நம்பிச் சரோஜாக்கா காலையிலேயே எவர்சில்வர் அண்டா ஒன்று வாங்கிவிட்டிருந்தாள்.

இவர் பத்திரத்தை மேலிருந்து கீழ்வரை வாசித்தார். பேனா மூடியைத் திறந்தார். எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள்.

"அண்ணாச்சி, ஜாமீன்னா என்ன? இவ கட்டலைன்னா நான் கட்டணும், அதான?"

"அதேதான் தம்பி."

பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகினார். "அப்ப நான் போட மாட்டேன்."

"என்னப்பா, உன் சம்சாரத்துக்கு நீயே போட மாட்டியா?"

"ரெண்டாயிரத்தை வாங்கிட்டு, இன்னும் பதிமூணு மாசம் ஐநூறு ஐநூறாக் கட்டுறேங்குது இந்தப் பொம்பளை. இப்படி ஆளை நம்பி எவனாச்சும் ஜாமீன் போடுவானா? எனக்கு இவ மேல நம்பிக்கை இல்லை."

மாடியே கொந்தளித்தது. "டீச்சரைப் போய் இப்படிச் சொல்லலாமா?" என்றார் பால்காரர். "தங்கமான பிள்ளை, நாணயமான பிள்ளை!" என்று சரோஜாக்கா நெஞ்சில் அடித்துக்கொண்டாள். அந்தக் கூட்டத்தில் என் மானத்துக்காகப் பேசிய அத்தனை பேரும் என்னைக் கவிழ்க்கப் பார்த்தவர்கள். என் மானத்தை வாங்கிய ஒரே ஆள் என்னைத் தூக்கிவிட்டுக்கொண்டிருந்தார். அது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். "டீச்சர், நீங்க என்ன சொல்றீக?"

எதிரே என் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளின் தாய்மார் இரண்டு பேர். ஒரு பக்கம் பி.எஸ்ஸி., இன்னொரு பக்கம் மோட்டார் வைத்த கிணறு. எழுந்து நின்றேன்.

"அவுக சொல்றது சரிதான் அண்ணாச்சி. எனக்குக் கணக்குத் தெரியாது. என்னை நம்பாதீக."

அண்ணாச்சிக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. நோட்டைத் திறந்து, "வீட்டாள் ஜாமீன் இல்லை. ஏலம் ரத்து. அபராதம் ஐம்பது. நேத்துத் தின்ன காராச்சேவுக்குப் பன்னெண்டு" என்று எழுதினார். அந்த இடத்திலேயே மறு ஏலம். எனக்குப் பதிலாக இவர் கேட்டார், ஆயிரத்து எழுநூறு தள்ளில் முடிந்தது. எட்டாயிரத்து முந்நூறு! வெளியாள் ஜாமீனுக்கு இப்போது ஒருவரும் வரவில்லை. கடைசியில் பால்காரர்தான் முணுமுணுத்துக்கொண்டே போட்டார். இவர் பேனாவை எடுத்து டக்கென்று கையெழுத்துப் போட்டார்.

"இப்ப மட்டும் எங்கேருந்து வந்துச்சு நம்பிக்கை?" என்று சரோஜாக்கா கடித்தாள். (அண்டாவைக் கடைக்காரர் திரும்ப எடுக்கவில்லை என்று பிறகு தெரிந்தது.)

மாடிப்படி இறங்கும்போது எனக்கு மூச்சு ஒழுங்காக வந்தது.  வியாழக்கிழமை ஒத்திப் பணத்தைக் கொடுத்து வீடு மாறினோம். மோட்டார் ஸ்விட்சைப் போட்டதும் குழாயிலிருந்து தண்ணீர் கொட்டியதைப் பார்த்துக்கொண்டு வாளி நிறைந்து வழிகிற வரை சும்மா நின்றேன். கவர்கள் திரும்ப அவர் கைக்குப் போயின. வட்டத்தை நானே கிழித்து அடுப்புப் பற்றவைத்தேன்.

அந்தக் கிணற்றுத் தண்ணீரில் குளித்து வளர்ந்த மகள் தொண்ணூறுகளில் பள்ளிக்கூடம் போனாள். பேசத் தொடங்கியதிலிருந்தே அவளுக்கு இந்தக் கதை பாடம். நான் பையை எடுத்துக்கொண்டு கடைக்குக் கிளம்பினால் போதும், அப்பாவும் மகளும் சேர்ந்து "ஜாமீன் யாரு?" என்று கத்துவார்கள். பட்டுச்சேலை எடுக்க மதுரைக்குப் போனபோது கடைக்காரர் முன்னால் வைத்தே கேட்டார்கள்.

அவளுடைய கல்யாணத்தன்று கோயிலில் (நாங்கள் சர்ச்சைக் கோயில் என்றுதான் சொல்வோம்) ஆராதனை முடிந்து ரிஜிஸ்தரில் கையெழுத்துப் போடும் நேரம். மாப்பிள்ளை பேனாவை எடுத்தார். இவர் பக்கத்தில் குனிந்து, "மாப்ளே, நிதானமாப் போடுங்க. இதுவும் ஜாமீன் கையெழுத்துதான். சீட்டுக்குப் போட மாட்டேன்னு சொன்ன நான் இதுல மட்டும் ஒரு கேள்வி கேக்காமப் போட்டேன்" என்றார். பாஸ்டருக்கு முன்னால் எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

எங்கள் வீட்டுக் கதையை முன்பே கேட்டிருந்த மாப்பிள்ளை, போட்ட கையெழுத்தின் மை காய்வதற்குள் என் மகள் பக்கம் திரும்பி மெதுவாகக் கேட்டார்: "தள்ளுன்னா என்னன்னு உனக்குத் தெரியும்ல?"