கிணற்றுக்குக் கீழே

கோணகிரி என்றொரு நாடு. எங்கே இருக்கிறது என்று தேடாதீர்கள். தேடினால் கிடைத்துவிடும், அப்புறம் வம்பு.

அங்கே ஊர்தோறும் கழிப்பறை கட்டத் திட்டம் போட்டார்கள். நல்ல திட்டம்தான், பொய் சொல்வானேன். "கழிவுக்குழிகள் குடிநீர்க் கிணற்றுக்குக் கீழே அமைய வேண்டும்" என்று விவரம் தெரிந்த யாரோ எழுதியிருந்தார்கள். அரச முத்திரையும் விழுந்துவிட்டது. ஆனால் திட்டமந்திரி தாண்டவநாதர் அரண்மனையை விட்டு இறங்காதவர். சுவரில் தொங்கிய மேட்டுப்பட்டி என்ற ஊரின் வரைபடத்தில், கிணற்றுப் புள்ளிக்குக் கீழே பிரம்பை வைத்தார். அது ஊருக்குத் தெற்கு. தெற்கில்தான் மேடு. அங்கே அறுபது குழி வெட்டினார்கள்.

முதல் மழையிலேயே மேட்டில் இருந்ததெல்லாம் கிணற்றுக்குள் இறங்கியது. ஊரே வயிற்றைப் பிடித்துக்கொண்டு கிடந்தது. மந்திரி சும்மா இருப்பாரா? வயிற்றுப்போக்கை இனி 'நீர்வளம்' என்றே சொல்ல வேண்டும் என ஆணையிட்டார். அடுத்த மாதம் மேடு, பள்ளம் என்ற சொற்களுக்கே தடை வந்தது. காகிதத்தில் தரை சமமாகத்தானே இருக்கிறது! மேட்டுப்பட்டி வெறும் பட்டியானது.

அந்த ஊர் வேலாத்தாளின் ஐந்து வயது மகள் பூவாத்தாள் துவண்டுபோய்க் கிடந்தாள். இன்னொரு மழை பெய்தால் பிள்ளை தங்காது என்று வைத்தியர் சொல்லிவிட்டார். வேலாத்தாள் தலைநகருக்கு நடந்தே போனாள். குழிகளை இடம் மாற்றச் சொல்லிக் கெஞ்சினாள். முத்திரை விழுந்த எழுத்தில் ஒரு புள்ளியும் மாறாது, படத்தில் எது கீழேயோ அதுதான் கீழே என்றார் மந்திரி.

"எழுத்து அப்படியே இருக்கட்டுமுங்க," என்றாள் வேலாத்தாள். ஆணியிலிருந்து படத்தைக் கழற்றித் தலைகீழாக மாட்டினாள். "இப்பக் கீழே எதுங்க?"

மந்திரி பிரம்பை எடுத்துக் கிணற்றுப் புள்ளிக்குக் கீழே வைத்தார். கீழே வடக்கு வந்திருந்தது. சட்டத்துக்கு ஒரு குறையும் இல்லை. 'ஆட்சேபணை இல்லை' என்று எழுதிக் கொடுத்தார்.

ஊர் திரண்டது. மேட்டுக் குழிகளை அள்ளித் தூர்த்தார்கள், வடக்குப் பள்ளத்தில் புதிதாக வெட்டினார்கள், கிணற்றை இறைத்துச் சுண்ணாம்பு போட்டார்கள். மழை கொட்டித் தீர்த்தது. பூவாத்தாள் ஒரு செம்புத் தண்ணீரைக் குடித்துவிட்டு இன்னும் கேட்டாள். அன்று ஊரில் குலவை அடங்கவே இல்லை.

மந்திரி அதைத் தன் சாதனை என்று முரசறைந்தார். அடுத்து அரண்மனைக்கும் அதே முறை என்றார். அங்கே தெற்கில்தான் பள்ளம், படம் சரியாகத்தான் தொங்கிக்கொண்டிருந்தது; அதையும் தலைகீழாக மாட்டினார். குழி வெட்ட மேட்டுப்பட்டியிடமே ஆள் கேட்டு ஓலை வந்தது.

ஓலை கொண்டுவந்தவனிடம் வேலாத்தாள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"அந்தக் கிணத்துத் தண்ணிய யாருங்க குடிக்கிறது?"

மன்னரும் மந்திரிகளும் மட்டும்தான் என்றான். அன்று மத்தியானமே ஊரார் மண்வெட்டியோடு கிளம்பினார்கள்.