கொங்கண் வீட்டுச் சண்டை

"இங்க சத்தம் போடலாமா?" என்று ரஷீதா கேட்டாள்.

"போடு. ஈ காக்கா இல்ல," என்றான் உதுமான்.

பல ஊர்க் கிராமத்து வீடுகளைப் பெயர்த்து வந்து செம்பூர்த் திடலில் காட்சிக்கு நிறுத்தியிருந்தார்கள். ஒன்றிலும் ஆள் குடியில்லை. தாராவியில் உதுமானின் ஒற்றை அறையில் எட்டுப் பேர். கல்யாணமான நாளிலிருந்து மனைவியோடு அவன் முழுக்குரலில் பேசியதில்லை. நேற்று அவள் கிசுகிசுத்துக் கேட்டதற்கு, பக்கத்துப் பாயில் படுத்திருந்த மதினி பதில் சொன்னாள். மீதிச் சண்டையைப் போட இங்கே வந்திருந்தார்கள். ஞாயிறு காலை, பம்பாயே டி.வி. முன்னால் இருக்கும் என்பது அவன் கணக்கு.

கொங்கண் விவசாயி வீட்டுக்குள் போனதும் ரஷீதா ஆரம்பித்தாள்.

"என்னை மேலப்பாளையத்துக்கே அனுப்பிரணும்னு சொன்னது உம்மாவா, நீங்களா?"

ஜன்னலில் இரண்டு தலைகள் தெரிந்தன. உதுமான் ஜன்னலைச் சாத்தினான். தலைகள் வாசலுக்கு வந்தன. கதவையும் சாத்தினான். சாத்திய கதவுக்குள் ஏதோ விசேஷம் என்று, சூரத்திலிருந்து வந்த ஒரு பஸ் கூட்டம் முழுதும் வெளியே கூடிவிட்டது.

"சொல்லுங்க. உம்மாவா, நீங்களா?"

"மெதுவாப் பேசு."

"மெதுவாப் பேசவா பஸ் ஏறி வந்தோம்?"

கூட்டத்தை அழைத்து வந்த வழிகாட்டி கதவைத் திறந்தார். அவரும் ஒரு கணம் விழித்தார். பிறகு சமாளித்துக்கொண்டு இந்தியில் விளக்கினார்: "கொங்கண் குடும்பங்களில் கணவன் மனைவி இப்படித்தான் பேசிக்கொள்வார்கள்."

உதுமானுக்கு வேர்த்தது. பிறகுதான் உறைத்தது: இத்தனை பேரில் ஒருவருக்கும் தமிழ் தெரியாது.

"நான்தான்!" என்று கத்தினான். "அங்கயாவது நீ கால நீட்டிப் படுப்பேன்னுதான் சொன்னேன்!"

"நான் கேட்டனா? கால மடக்கிப் படுக்க எனக்குத் தெரியும். நீங்க இங்க, நான் அங்கன்னு ஒத்தையில கெடக்க மாட்டேன்!"

அவன் குரல் இறங்கியது.

"அப்ப போகாத."

கூட்டம் கைதட்டியது. "ஒன்ஸ் மோர்!" என்றது ஒரு குரல்.

எல்லாரும் அடுத்த வீட்டுக்கு நகர்ந்த பின்னும் காவலாளி மட்டும் நின்றார். சட்டையில் வானமாமலை என்று பெயர் இருந்தது. உதுமான் பதறினான்.

"அண்ணாச்சி, தப்புத்தான். இனிமே வர மாட்டோம்."

"ஏம்ப்பா, தாராளமா வாங்க," என்றார் அவர். "திங்கக்கெழம மட்டும் வேண்டாம். அன்னைக்கு இங்க லீவு. நானும் எம் பொண்டாட்டியும் சண்ட போட வருவோம்."