சிறுநீர் நலக் குழுவின் மகத்தான சாதனை

மனிதகுல வரலாற்றில், எங்கள் தேயிலைத் தோட்டத்தைப் போலச் சிறுநீருக்கு மரியாதை செய்த நிறுவனம் வேறு கிடையாது. நான் இத்தோட்ட அலுவலகத்தின் கணக்கெழுதும் கிராணி. ‘சிறுநீர் நலக் குழு’வின் செயலாளரும் நானே. ஆகவே, பாரபட்சமின்றிச் சொல்கிறேன்.

சென்ற மாதம் தோட்டத்தில் மருத்துவ முகாம் நடந்தது. மேனேஜர் மகேஸ்வரன் முதல் போத்தலைத் தம் சொந்த முயற்சியால் நிரப்பி முகாமைத் தொடங்கிவைத்தார். கைதட்டினோம். அறுபது பேரில் இருவரின் சிறுநீரில் ‘மிகக் கொடிய’ கிருமி இருப்பதாக முடிவு வந்தது. ஒருவர் மேனேஜர். மற்றவள் கொழுந்து பறிக்கும் புனிதா, ஐந்து மாதக் கர்ப்பிணி. இருவருக்கும் காய்ச்சல் இல்லை, எரிச்சல் இல்லை, ஓர் அறிகுறியும் இல்லை.

முடிவைக் கொண்டுவந்த டாக்டர் கத்தரீனுக்கு அலுவலக மரபு தெரியாது.

“மிஸ்டர் மகேஸ்வரன், உங்களுக்கு மருந்து வேணாம். கிருமி சும்மா இருக்கு, நீங்களும் சும்மா இருங்க. ஆனா புனிதா மாசமா இருக்காங்க. விட்டா கிட்னிக்கு ஏறும், புள்ளைக்கும் ஆபத்து. நாளைக்கே தானா ராத்தா டவுன் கிளினிக்குக்கு அனுப்புங்க.”

மேனேஜர் முகம் சிவந்தது. “கொழுந்து எடுக்கிறவளுக்கு மருந்து, மேனேஜருக்கு இல்லியா?”

“கிருமிக்குப் பதவி தெரியாது லா.”

அன்றே அவசரக் கூட்டம். தீர்மானம் ஒன்று: மேனேஜர் தோட்டத்துக் காரில் கோலாலம்பூர் சென்று நிபுணரைப் பார்ப்பது. தீர்மானம் இரண்டு: புனிதாவுக்கு அறிகுறி இல்லாததால் விடுப்பும் இல்லை. இரண்டும் ஏகமனதாக நிறைவேறின. குழுவில் மேனேஜரும் நானும்தான்.

மறுநாள் காலை புனிதா கூடையோடு வந்து நின்றாள்.

“கிராணி, டாக்டரு வரச் சொன்னாங்க. கார் வேணும்.”

“கார் துரையோட கோலாலம்பூர் போயிருச்சு. உனக்குக் காய்ச்சல் இருக்கா?”

“இல்ல.”

“எரியுதா?”

“இல்ல.”

“வயித்துல ஏதாச்சும்?”

“புள்ள இருக்கு.”

“அது அறிகுறியில சேராது. காய்ச்சல் வந்ததும் வா, உடனே கவனிக்கிறோம்.”

 அவள் கூடையை இறக்கி என் மேசைமேல் வைத்தாள். “அதுவரைக்கும் நீங்க கொழுந்து எடுங்க” என்று சொல்லிவிட்டுச் சாலைக்கு இறங்கி, முட்டைக்கோஸ் ஏற்றிவந்த லோரியை மறித்து ஏறிப்போனாள்.

மாலையில் மாத்திரைகளோடு திரும்பினாள்.

“ஏன் தண்ணி குடிக்கிறதில்லன்னு டாக்டரு கேட்டாங்க. மலைமேல தண்டாஸ் இல்ல, குடிச்சா எங்க போறது, சாயந்தரம்வரைக்கும் அடக்கிக்கிறோம்னு சொன்னேன். எழுதிக்கிட்டாங்க. சுகாதார ஆபீசர் பாக்க வருவாராம்.”

அனுமதியின்றி வெளியே சென்றதற்கான எச்சரிக்கைக் கடிதத்தை நீட்டினேன். படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டாள். அவள் முகத்தைப் பார்க்காமல் வாங்கிக் கோப்பில் வைத்தேன், வேலை மிகுதிதான் காரணம்.

மேனேஜரும் திரும்பினார். நிபுணரும் மருந்து வேண்டாம் என்றாராம். இவர் விடாமல் வாதாடி, இருப்பதிலேயே வீரியமானதை வாங்கி விழுங்கியிருந்தார். பலன், வயிற்றுப்போக்கு. மூன்று நாள் தோட்ட நிர்வாகம் அலுவலகக் கழிவறையிலிருந்தே நடந்தது. கோப்புகளைக் கதவுக்கு அடியில் தள்ளினேன். கையொப்பத்தோடு திரும்பி வந்தன. அதிகாரி வரும் செய்தியையும் அப்படித்தான் தள்ளினேன்.

“மலைமேல உடனே தண்டாஸ் கட்டு!” என்று உள்ளேயிருந்து முழங்கினார். அந்த வசதியின் அருமையை அவர் அளவுக்கு அப்போது உணர்ந்தவர் யார்?

ஒரே வாரத்தில் கழிவறை எழுந்தது. வெள்ளை டைல்ஸ், கண்ணாடி, கைகழுவ வெந்நீர். அதிகாரி வந்தார், படம் எடுத்தார், பாராட்டினார். அதே வாரம் புனிதாவின் மறுபரிசோதனை முடிவும் வந்தது. கிருமி போய்விட்டது, குழந்தை நன்றாக உதைக்கிறதாம். நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர்.

அதிகாரியின் கார் வளைவில் மறைந்ததும் மேனேஜர் என்னைப் பார்த்தார். “பூட்டு. டைல்ஸ் அழுக்காயிரும்.”

பூட்டினேன். சாவி என் சட்டைப் பையில் பத்திரமாக இருக்கிறது. மேலே பெண்கள் இன்றும் காலையிலிருந்து சொட்டுத் தண்ணீர் குடிக்காமல் கொழுந்து பறிக்கிறார்கள். புனிதாவும்தான். யாரிடமும் இதுவரை நோயின் அறிகுறி இல்லை.

என்னிடம் வெட்கத்தின் அறிகுறியும் இல்லை.